சாட்சிக் கையெழுத்து

உயில் எழுத நல்ல தடித்த காகிதமாகப் போட வேண்டும். பல வருஷம் கிடக்கப்போவது; மடிப்பில் கிழிந்தால் கோர்ட்டில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். வக்கீல் ஆபீசில் டைப் அடித்தே தலை நரைத்தவள் நான். அப்பாவின் உயிலையும் நான்தான் அடித்தேன்.

அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல அடித்தேன். வீடு தங்கைக்கு. பின்பக்க அறையில் என் ஆயுசு உள்ளவரை நான் இருந்துகொள்ளலாம். பாத்திரம் பண்டம், மற்றபடி மீதி எது இருந்தாலும் எனக்கு.

"உனக்குன்னு யாரும்மா இருக்கா? ஒண்டிக்கட்டைக்கு ஒரு ரூம் போதாதா?" என்றார். மனதை நோகடிக்க வேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அம்மா போனதிலிருந்து அவருக்கு மூச்சிரைப்பு. குளிப்பாட்டியதும் சளிக்கிண்ணம் கழுவியதும் வந்த வரன்களைத் திருப்பி அனுப்பியதும் நான். தங்கை லீவுக்கு வருவாள், பழம் வாங்கி வருவாள். அவர் முகம் பூரித்துப்போகும்.

அவர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாட்சிக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பக்கத்து வீட்டு ஸ்டூடியோக்காரர். இன்னொருவருக்கு எங்கே போவது என்று அப்பா கேட்டார். "மாப்பிள்ளைதான் வந்திருக்காரே, வெளியாள் எதுக்குப்பா?" என்றேன். தங்கை கணவர் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவையே எடுத்து, பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். கவரை ஒட்டி நானே வக்கீலின் பீரோவில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. என்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கான உயில் சட்டத்தில் ஒரு விஷயம் உண்டு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ அந்த உயிலில் எழுதிய சொத்து போய்ச்சேராது. உயில் செல்லும், அந்த வரி மட்டும் செல்லாது. ஆள் போன பிறகு உயிலைக் கோர்ட்டில் வைத்து, இது உண்மையானதுதான் என்று உத்தரவு வாங்குவது வழக்கம். அதைத்தான் புரோபேட் என்கிறோம். அந்தச் சமயத்தில் இதெல்லாம் வெளியே வரும். செல்லாமல் போன வீடு மீதியில் சேர்ந்துவிடும். மீதி எனக்கு.

நான் அதோடு நின்றிருப்பேன். ஸ்டூடியோக்காரர்தான் விடவில்லை. தன் அண்ணனின் உயிலுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தபோது இந்தச் சட்டம் அவர் காதில் விழுந்திருக்கிறது. நல்லெண்ணத்தில் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டார்.

அவர் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் போனேன்.

"பாவம், உனக்கும் இது தெரியாமப் போச்சு பாரு. வக்கீலை வரச்சொல்லும்மா, வேற எழுதிடலாம்" என்றார்.

என்னைச் சந்தேகப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் என் மூளைக்கு அவர் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான்.

"நாளைக்கு வர்றாராம்ப்பா" என்றேன். வக்கீலிடம் நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அப்பாவின் அறையைச் சுத்தம் செய்தேன். கட்டிலருகே இருந்த மேஜையைத் துடைக்கும்போது இன்ஹேலரை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஜன்னல் திரைகளையும் கழற்றி அங்கேயே உதறினேன். தூசி அவருக்கு ஆகாது. பிறகு சமையலறைக்குப் போனேன்.

அவர் கூப்பிடுவதற்காக ஒரு மணி வாங்கி வைத்திருந்தேன். அது அடிக்க ஆரம்பித்தது. நான் மிக்ஸியைப் போட்டேன். மிக்ஸி ஓடினால் அந்தச் சமையலறையில் இடி விழுந்தாலும் கேட்காது. மோட்டார் சூடாகி, கருகல் வாசனை வரும் வரைக்கும் ஓடவிட்டேன். ஜாரில் ஒன்றும் இல்லை.

அப்புறம் இன்ஹேலரை மேஜைமேல் பழையபடி வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

மணி விடாமல் அடித்ததாக ஸ்டூடியோக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவின் அறைக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர்தான், கேட்டிருக்கும். நான் மறுக்கவில்லை. அப்பாவைச் சாகவிட்டது நான்தான்.

கோர்ட் உத்தரவு நான் எதிர்பார்த்த மாதிரியே வந்தது. தங்கை எதிர்த்து மனுப் போடவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதக்கா. வீடு எனக்கு வந்ததும் உன் பேருக்கே எழுதிடறதுன்னு நாங்க ரெண்டு பேரும் எப்பவோ முடிவு பண்ணிட்டோம். அப்பா மனசு கஷ்டப்படும்னுதான் வெளிய சொல்லல."

நான் ஒன்றும் அழுதுகொண்டிருக்கவில்லை.

இதை அவள் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா இன்றைக்கு உயிரோடு இருப்பார். இத்தனை பெரிய விஷயத்தை மறைத்தவளை நீங்கள் இன்னும் விசாரிக்கவே இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், அவள் முகவரி சொல்கிறேன்.