பாறையிலிருந்து குதித்தவர்

சண்டை ஓய்ந்திருந்த காலம். நிலாவெளியிலிருந்து டவுனுக்கு வந்த பஸ்ஸை இராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, ஆண்களையும் பெண்களையும் வேறு வேறு வரிசையில் விட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு ஹோட்டல் சமையல்காரர் நின்று, தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னார்.

"என்ர மனுசி கேட்டா, நான் குதிச்சதெண்டே சொல்லும்."

"எங்க அண்ணை குதிச்சனீங்கள்?"

"முதலாளி எங்களை மலைநாட்டுக்கு ஒருநாள் டூர் கூட்டிப்போனவரெல்லோ? நீர்வீழ்ச்சியில சறுக்கி, பாறையிலயிருந்து குதிக்கிறது. சாமானையெல்லாம் வான் வண்டியில வைக்கச் சொன்னவன் கைட். நான் ஐசியை, அடையாள அட்டையை மட்டும் பொக்கற்றில வச்சிருந்தனான்."

"குதிக்கிறதுக்கு ஏன் ஐசி?"

"செத்தா ஆரெண்டு தெரிய வேணாமே?"

"சறுக்கினனீங்களோ?"

"பாசியில வழுக்கி விழுந்தனான். கைட் கைதட்டினவன். பிறகு உச்சியில நிண்டு குனிஞ்சு பாத்தன், ஐசி தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. நான் நடந்து இறங்கி வந்திட்டன். குதிக்கேக்கதான் துலைஞ்சதெண்டு வீட்டில சொல்லிப்போட்டன்."

அவருடைய முறை வந்தது. ஐசி தொலைந்ததற்குப் பொலிஸில் வாங்கிய துண்டுச் சீட்டை நீட்டினார்.

"ஐசி எங்க?" என்றான் ஆமிக்காரன்.

பெண்கள் வரிசையிலிருந்து அவருடைய மனைவி பெருமையோடு கூவினார்: "அவர் பெரிய பாறையிலயிருந்து குதிச்சவர் சேர்!"

ஆமிக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "பாறையில குதிக்க எங்க ட்ரெயினிங் எடுத்தது? புலியிட்டயா?"

சமையல்காரர் பதறி, மனைவி இருந்த பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"ஐயோ சேர், நான் குதிக்கேல்லை. ஐசி மட்டும்தான் குதிச்சது."

ஆமிக்காரன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். பஸ் வாசலில் மனைவி காத்துக்கொண்டு நின்றார்.

"பாத்து ஏறுங்கோ," என்றார். "படி உயரம்."