முப்பது சென்ட்

— அந்தப் பாத்தியில கால வெச்சுராதீங்க சாமி, இப்பத்தான் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டியுட்டிருக்கறேன். வரப்பு மேல வாங்க.

— சரிங்கம்மா. மருதாசலம் தோட்டம்னா இதுதானுங்களா?

— இதேதான். நான் அவரு சம்சாரம், வசந்தாமணி. அவரு தவறிட்டாருங்க. நாளைக்குக் கருமாதி.

— அடடா. எனக்குத் தெரியாதுங்கம்மா. என் பேரு ரூபன், சேலம் அம்மாபேட்டை. அளக்க வந்திருக்கேன்.

— எதைய அளக்கறது?

— தப்பா எடுத்துக்காதீங்க. மனைக்குக் கல்லு நடணும்.

— பக்கத்துத் தோட்டமா இருக்கும் சாமி. குழந்தைவேலு வித்துப்போட்டான், அங்க போங்க.

— அது போன மாசமே நட்டுட்டேங்க. இந்த ரோட்டுல மட்டும் ரெண்டு வருசத்துல பத்துத் தோட்டத்துக்கு நட்டிருக்கேன். இது பதினொண்ணு. நாலு ஏக்கர், கெணறோட. பேப்பர் இருக்கு, பாருங்க.

— எனக்கு எதுக்குக் காட்டறீங்க? நேத்து வரைக்கும் நான் இதுல களை எடுத்திருக்கறேன்.

— வேலை ஆரம்பிக்கற வரைக்கும் வெள்ளாமை பண்ணிக்கறேன்னு கேட்டிருப்பாருங்க. நெறையப் பேரு அப்படித்தான் கேக்கறாங்க. அவரு கிரயம் பண்ணிக் குடுத்தது போன வருசம் சித்திரையில.

— சித்திரையிலயா.

— ஆமாங்க. ஏங்கம்மா?

— சித்திரையில நான் கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில கெடந்தேன். நெஞ்சைப் பொளந்து வைத்தியம் பாத்தாங்க. எல்லாம் காப்பீட்டு அட்டையிலயே முடிஞ்சு போச்சு புள்ளேன்னாரு.

— ஒக்காருங்கம்மா. இப்படி ஒக்காருங்க.

— நிக்கறேன். நிக்க முடியுது.

— அங்க கெழக்கால வேலியோரம் மண்ணு புதுசா குமிஞ்சிருக்கே, மாலையெல்லாம் போட்டு. அது என்னங்க?

— அவருதான்.

— ஐயோ அம்மா. இங்கயா பொதச்சீங்க?

— பின்ன எங்க பொதைப்பாங்க? எங்க வழக்கத்துல தோட்டக்காரன அவன் தோட்டத்துலதான் வெப்போம். என்ற மாமனாரு அந்தக் கெணத்து மேட்டுல இருக்கறாரு.

— எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் மாதா கோயில்லயே இருக்குதுங்க, அதனால கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, கெணத்து மேடு பதினேழாம் நம்பர் மனை. அட்வான்ஸ் குடுத்துட்டாங்க.

— அப்ப இவரையுந் தோண்டிருவீங்களா?

— நான் கல்லு மட்டுந்தான் நடறேன்.

— சொல்லுங்க சாமி. நாளைக்குக் கருமாதிக்கு ஊரே வருது. அவருக்குப் பால் ஊத்தற எடத்துல நீங்க ஊடு கட்டுவீங்களா?

— கொஞ்சம் பொறுங்க. வேலியில இருந்து நாப்பது அடிக்குள்ள... அந்தத் தென்னைக்கு இந்தப் பக்கம்... இருங்கம்மா.

— எத்தனாம் நம்பரு?

— நம்பரே இல்லீங்க.

— அப்படின்னா?

— பார்க்குங்க. இத்தனை மனை போட்டா பார்க்குக்குன்னு எடம் உடணும், சட்டம். முப்பது சென்ட் பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. விக்க முடியாது. மனை வாங்கறவங்க யாரும் அதுல ஊடு கட்ட முடியாது. இனிமேப்பட்டு அதுல எது பண்றதுன்னாலும் பஞ்சாயத்து முடிவு பண்ணுனாத்தான் உண்டு.

— ஊடு கட்ட மாட்டாங்களா.

— மாட்டாங்க. நாலு ஏக்கர்ல அது ஒண்ணுதான் மண்ணாவே கெடக்கும். அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க மாமனாரு கெணத்து மேட்டுல இருக்கறப்ப, இவர மட்டும் ஏன் அந்த மூலையில கொண்டுபோய் வெச்சீங்க?

— பங்காளிக எல்லாம் அதைத்தான் கேட்டு எங்கிட்டச் சண்டைக்கு வந்தாங்க. அப்பன் காலடிய உட்டுப்போட்டு வேலியோரமான்னு. நான் என்ன பண்ணட்டும்? சாகறதுக்கு நாலு நாளைக்கு முன்னால என்ற தோளப் புடிச்சுட்டு அங்க நடந்து வந்தாரு. கால்ல கோடு கிழிச்சாரு. இங்கதான் வெக்கோணும், ஒரு அடி கூட அந்தப் பக்கம் தள்ளீராதன்னாரு.

— அம்மா.

— ஏஞ்சாமி?

— இந்த வரைபடத்துல அவரு கையெழுத்து இருக்குதுங்க.