மலைப்புள்ளன்னு சொன்னேன்

எனக்கு எழுத்து கோணல். அஞ்சாவதோட சரி. நாலு பேர் முன்னாடி பேசவே கூசும். மறந்துபோனதும் நிறைய. பொறுத்துக்குங்க.

ஓடுறோம். கரும்புத் தோகை மூஞ்சியக் கீறுது. பின்னால காலனி எரியுது. மூங்கில் வெடிக்கிற சத்தம். பட். பட். யாரோ கத்துறாங்க. "பிள்ளைங்களத் தூக்கிக்கினு ஓடுங்கடி!" என் இடது கையில எம் பையன் தாசு. வலது கையில எஸ்தர்.

புரட்டாசி மாசம். ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம். தேதி நெனப்பில்ல. உச்சி வெயில். கள்ளக்குறிச்சியில இருந்து மலைக்குப் போற ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. பஸ் இல்ல. காலனிக்கு நெருப்பு வெச்சது யாருன்னு நான் பார்க்கல. பார்க்காதத சொல்ல மாட்டேன்.

எஸ்தர் நான் பெத்த பொண்ணு இல்ல. கல்வராயன் மலைப் பொண்ணு. தாய் இல்ல. படிக்கட்டும்னு அவங்க அப்பா எங்க வூட்டுல விட்டாரு. எஸ்தர்ன்ற பேரு நாங்க வெச்சது. வந்த புதுசுல என்னை ஒண்ணும் கூப்பிட மாட்டா. அப்புறம் "மா"ன்னா. அவளாத்தான்.

ஜெபவீட்டுல போதகர் ஐயா புத்திர சுவிகாரம்னு பிரசங்கம் பண்ணாரு. எனக்குப் புரியல. வெளிய வந்து கேட்டேன். "கடவுள் நம்மளத் தன் பிள்ளையா எடுத்துக்கினாரும்மா. எடுத்தா எடுத்ததுதான். திருப்பி வுட மாட்டாரு"ன்னாரு. வூட்டுக்கு வந்து எஸ்தர்கிட்ட சொன்னேன். நீயும் எனக்கு அப்பிடித்தான்னு. சிரிச்சா. "டேய் தாசு, கேட்டியா? இந்த வூட்டுல பாதி எனக்கு"ன்னா.

"அப்ப பாதி பாத்திரத்த நீ தேய்டி"ன்னான் அவன்.

கரும்பு முடியுது. ரோடு. அஞ்சாறு பேர். கையில தடி.

"நில்லு! காலனிக்காரிதான நீ? யாரு பிள்ளைங்க இது?"

ஊருக்கும் காலனிக்கும்தான் சண்டை. மலைக்காரங்க இதுல இல்ல. அவளை வுட்டுருவாங்க. அதான் நெனச்சேன். வேற நெனக்கல. கத்துனேன்.

"இவன் எம் பையன்! அது மலைப்புள்ள! அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல!"

ஒருத்தன் அவளை இழுத்து ஓரமா நிறுத்தினான். "நீ போ பாப்பா." அவ போகல. நின்னா. என்னை அடிச்சாங்க. தாசு மேல கவுந்து படுத்தேன். தடி விழுது. மணிக்கட்டு ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. தூரத்துல ஜீப் ஹாரன். ஓடிட்டாங்க.

நிமிந்து பார்க்கிறேன். எஸ்தர் வர்றா. அவமேல ஒரு அடி இல்ல. என் கையத் தாங்கிப் பிடிச்சா.

"வலிக்குதுங்களா?"

ங்க. அன்னிக்குத்தான் முதல்ல போட்டா.

அதுக்கப்புறம் "மா" இல்ல. தண்ணி வேணுங்களா. சாப்புடுறீங்களா. ஒரே மரியாதை. தாசு இன்னிக்கும் என்னை வா போன்னுதான் பேசறான்.

ரோடு தெறந்ததும் அவங்க அப்பா இறங்கி வந்தாரு. கூப்பிட்டாரு. நான் தடுக்கல. எந்த வாயால தடுக்கறது. "போய்ட்டு வரேங்க"ன்னா. வரல.

நீ அவளைக் காப்பாத்தினியேம்மா, அது பாவமில்லன்னாரு போதகர் ஐயா. சரிதான். எம் பொண்ணுன்னு சொல்லியிருந்தா அவ மண்டை ஒடைஞ்சிருக்கும். ஆனா தாசை யாரோ வூட்டுப் பையன்னு சொல்ல எனக்குத் தோணலியே. அவனை வயித்துக்கடியில போட்டு மூடினேன். அங்க அவளுக்கும் இடம் இருந்துச்சு. ஜெபத்துல "பிதாவே"ன்னு ஆரம்பிச்சிட்டு அதோட நிறுத்திக்கிறேன். அவரு என்னை சம்பந்தம் இல்லன்னு சொல்லலியே.

எங்க தெருவுல போனது. குடிசை பதினொண்ணு. ஆடு நாலு. ஜெபவீட்டுக் கூரை. செத்தது பக்கத்து வூட்டுக் குள்ளம்மா. படுத்த படுக்கையா இருந்தவங்க. யாரும் தூக்கல. எங்க வூட்டுல போனது பொண்ணு ஒண்ணு. உயிரோடதான் இருக்கா. பிள்ளகுட்டியோட மலை மேலதான் இருக்கான்னு சந்தையில சொன்னாங்க.

ஆடு நாலா அஞ்சான்னு தெரிஞ்சவங்க பார்த்துத் திருத்துங்க. மலைக்குப் போறவங்க யாராச்சும் இதை அவகிட்டயும் படிச்சுக் காட்டுங்க. அங்க ராமாயின்னு கேக்கணும். அவ வேற மாதிரி சொன்னா அவ சொல்றதுதான் சரி. என்னுத அடிச்சிட்டு அதை எழுதிக்குங்க.