கட்டாத குழி

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் மடியில் மண் ஒட்டிய களைக்கொத்து இருந்தது.

"எம் மகன் மேல வேற யாரையோ புதைச்சிருக்காக, மதினி" என்றார் அவர்.

"என்னட்டி சொல்லுத?"

"புல்லுச் செதுக்கப் போனேன். அவன் சிலுவையக் காணல. புது மண்ணு குமிஞ்சு கெடக்கு."

"சாமியார்ட்டக் கேட்டியா?"

"கல்லறை கட்டாத குழியெல்லாம் திரும்பத் தோண்டப் போறோம்னு பூசையில அறிவிச்சாராம். எந்தப் பூசையிலயோ. இப்பத்தான் ஞாயித்துக்கிழமை மூணு பூசை நடக்குதே."

மதினி பெருமூச்சு விட்டார். "நாம குடிவந்தப்ப கோயிலு வெறும் தகரக் கொட்டகை. சாமியார் வாராத வாரம் நாமளே செபமாலை சொல்லிட்டு வருவோம். பிளாட்டுப் போடப் போட கோயிலப் பெருசாக்கினாக. கல்லறைத் தோட்டம் மட்டும் அன்னைக்கு இருந்த அம்புட்டேதான். எலும்ப என்ன செஞ்சாகளாம்?"

"அடியிலயே வச்சு மூடிட்டாகளாம்."

"அன்னைக்கே கட்டிருன்னு உங்கண்ணன் எம்புட்டுச் சொன்னாக."

"சிமெண்டு போட்டா பிள்ளைக்கு மூச்சு முட்டும்னுட்டேன்."

மதினி சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மேல இருக்கது புதுக் காலனிப் பெரியவர் ஒருத்தர். நான் நிக்கயிலயே அவிய வீட்டாளுக வந்தாக. நல்ல சனந்தான். எம் மகனுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்துறோம்னாக."

"பொறவு என்னட்டி?"

"திருநாளுக்குள்ள கல்லறை கட்டிரணுமாம். நாளைக்குச் சிமெண்டு போடுறாக, மதினி."