கீழ்மாடியிலிருந்து அடித்த கட்டளை

ஊரடங்கு தளர்ந்த மறுநாள், பேராதனையிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் என் முன் ஆசனத்தில் இரண்டு யாழ்ப்பாணத்து மாணவர்கள் இருந்தார்கள்.

"ஊரடங்கெண்டு மேல்மாடிக் கம்பியூட்டர் லாப்பைப் பூட்டிப்போட்டாங்கள். என்ர ஆய்வேடு எடிட்டரில திறந்தபடி கிடக்குது மச்சான். சேமிக்கேல்லை," என்றார் கண்ணாடி போட்டவர்.

"அதை நான் சேமிச்சிட்டன். கீழ்மாடிக் கம்பியூட்டரில இருந்து நெட்வேர்க்கால கட்டளை அடிச்சன், மேல உன்ர எடிட்டர் சொன்னபடி கேட்டுது."

"நீ தெய்வமடா!"

"பிரிண்டும் எடுத்துப் பேராசிரியரிட்டக் குடுத்தாச்சு."

கண்ணாடிக்காரர் பாதி எழுந்துவிட்டார். "ஐயோ! நன்றியுரையில, 'ஒரு பக்கமும் வாசிக்காத பேராசிரியருக்கு' எண்டு அடிச்சு வைச்சனான். பிறகு அழிப்பமெண்டு இருந்தன்."

"அது பகிடியோ, உண்மையோ?"

"உண்மைதான்."

"அப்ப இரு. அதையும் வாசிக்கமாட்டார்."