முன்னால் இறங்குகிறவர்

எனக்குப் பகடையில் ராசி கிடையாது. உருட்டினால் ஒன்றோ இரண்டோதான் விழும். ராசி இல்லாதவன் யோசித்துத்தான் ஆட வேண்டும், வேறு வழியில்லை. நிலவறை விளையாட்டில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.

ஐயா, அது என்ன விளையாட்டு என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் குழப்பிவிடுவேன் என்றுதான் காகிதம் கேட்டேன். நாற்பது தாண்டித்தான் எழுத்து கற்றுக்கொண்டேன், அதுவும் அந்த விளையாட்டுப் புத்தகத்தை நானே படிக்க வேண்டும் என்பதற்காக. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேர். தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டிகளில் இறங்கிச் சேறு அள்ளுகிறவர்கள். நான்தான் மேஸ்திரி. என் தங்கையின் கணவர் ஒருவர். வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிறவன் இன்னொருவன். முன்பு என் தம்பியும் இருந்தான். ஒரு தொட்டியில் முதலில் இறங்கியவன் அவன்தான். உள்ளே காற்று கெட்டிருந்தது, ஏறி வரவில்லை.

தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவன் போயிட்டான். இவரையாவது முழுசா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு" என்றாள். சரி என்றேன். காற்றைச் சோதிக்கும் கருவி கேட்டு கான்ட்ராக்டரிடம் நடையாய் நடந்தேன். "இஷ்டம்னா இறங்கு, இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணு" என்றார். வேறு வேலை தேடினேன். எங்கள் மேல் அடிக்கும் வாடைக்கு யாரும் வாசலிலேயே நிற்க விடவில்லை. திரும்ப அதே தொட்டிக்குத்தான் வந்தோம். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்கும்போது எனக்கு ஒரே கேள்விதான். யாரை முதலில் இறக்குவது? நானோ ரேடியோவோ இறங்கிச் செத்தால் மறுநாள் மச்சான் இறங்குவார். அவர் செத்தால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்?

அந்தச் சமயத்தில்தான் மச்சான் எங்கிருந்தோ அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவர் பள்ளிக்கூடம் போனவர். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்குள் நடக்க வேண்டும். மண்ணுக்கு அடியில் இருட்டு அறைகள், பொறிகள், மிருகங்கள், கடைசியில் புதையல். "கதவு இருக்கு, என்ன பண்றீங்க?" என்று மச்சான் கேட்பார். ரேடியோ உடனே "எட்டி உதைக்கிறேன்" என்பான், உடனே சாவான். மறுபடி புது ஆளாகப் பிறந்து வந்து இன்னொரு கதவை உதைப்பான்.

நான் உதைக்க மாட்டேன். கதவில் காது வைத்துக் கேட்பேன். நீளக் கழியால் தரையைத் தட்டிப் பார்த்துத்தான் காலை வைப்பேன். பந்தம் பாதி எரிந்ததும், எதிரே புதையலே இருந்தாலும், திரும்பிவிடுவேன். பிரிந்து போக யாரையும் விட மாட்டேன். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிற யோசனைகள்தான். அதில் இன்னொன்றும் இருந்தது. நிலவறைக்குள் போகுமுன் சத்திரத்தில் கூலிக்கு ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போவான். பொறி இருந்தால் அவன் காலில்தான் மாட்டும்.

மச்சான் அந்த விளக்காளுக்குக் குரல் கொடுத்துப் பேசுவார். "ஐயா, முன்னாடி ஒண்ணுமே தெரியலைங்க. நீங்களும் கூட வர்றீங்களா?"

"கூலி வாங்கினல்ல, நட" என்றேன்.

ரேடியோ உருண்டு புரண்டு சிரித்தான். "அண்ணே, அப்படியே நம்ம கான்ட்ராக்டர் குரல்!"

"விளையாட்டுல கூட மேஸ்திரியாவே இருக்கீங்க மச்சான். அந்த ஆளு பாவம் இல்லையா?" என்று மச்சானும் சிரித்தார்.

அன்றிரவு வெகுநாளைக்குப் பிறகு நான் அசந்து தூங்கினேன்.

எங்கள் பேட்டைக்கு வெளியே முச்சந்தியில் கூலி ஆட்கள் காலையில் நிற்பார்கள். தூரத்து ஊர்க்காரர்கள், அன்றன்றைக்கு யார் கூப்பிட்டாலும் போகிறவர்கள். அங்கே போய் ஒருவரைக் கூட்டிவந்தேன். மச்சானிடம், "இவருக்கு இந்த வேலை பழக்கம், இவரே முதல்ல இறங்கிப் பார்க்கட்டும்" என்றேன். வந்தவர் இறங்கினார், ஏறினார், டீ குடித்தார், போனார். அவருக்குப் பேசியதற்கு மேலேயே கொடுத்தேன்.

அடுத்து வந்தவர் உள்ளே மயங்கிவிட்டார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டோம். நீளக் கழியால் தட்டிப் பார்க்கிறோமே, அது போலத்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் குனிந்து இழுத்ததில் மச்சானுக்கே தலை சுற்றி, தொட்டி வாயில் சரியப் பார்த்தார். என் உயிரே போய்விட்டது. அதன்பின் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒருவர் ஏறி வரவில்லை. மச்சான் அன்று காய்ச்சலில் வீட்டில் இருந்தார். நெஞ்சுவலி என்று கான்ட்ராக்டர் எழுதிக்கொடுத்தார். மச்சானிடமும் நான் அப்படியே சொன்னேன். நீங்கள் இதைக் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இப்போது நீங்கள் விசாரிக்கிற சோப்புத் தொழிற்சாலை விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி கட்டடத்தின் பின்பக்கம், சுவரோரம் இருந்தது. வட்டமான இரும்பு மூடி. கொக்கி போட்டுத் தூக்க அதில் ஒரு துவாரம். நான் கூட்டிவந்தவர் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தார். பிறகு மச்சானைப் பார்த்து, "உள்ளே தண்ணிதானுங்களே? எனக்கு நீச்சல் தெரியும்" என்றார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மச்சான், இவருக்குப் பழக்கம்னு சொன்னீங்களே? இது என்ன தொட்டின்னே இவருக்குத் தெரியலை."

"இறங்கினா தெரிஞ்சுக்குவார்" என்றேன்.

ஏணியில் அவர் தலை மறைந்தது. ஓர் இருமல் கேட்டது. பிறகு சேற்றில் ஏதோ விழுந்த சத்தம். மச்சான் செருப்பை உதறிவிட்டு ஏணிக்கு ஓடினார். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் சாவார், அவரைத் தூக்கப் போகிறவரும் சாவார். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். மூடியை இழுத்துப் போட்டேன். அதன் மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க மச்சான்! மனுசன் உள்ளே கெடக்குறார்!" மச்சான் என்னை அடித்தார், முடியைப் பிடித்து இழுத்தார், கையைக் கடித்தார். நான் மூட்டை சுமந்து வளர்ந்த உடம்பு, அசையவில்லை. "ரேடியோ, நீயாவது வாடா" என்று கூப்பிட்டார். ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். மச்சான் ஆள் கூட்டிவர ஓடினார். அவர்கள் வந்தபோதுதான் எழுந்தேன். உங்களிடம் வந்து என்னைப் பற்றிச் சொன்னதும் மச்சான்தான். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. சொல்வதற்கு உயிரோடு இருக்கிறாரே.

மூடியைத் திறந்தால் மூன்று பேரும் போயிருப்போம், அதனால்தான் உட்கார்ந்தேன் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். அது பொய்யில்லை, பாதி உண்மை.

மச்சான் ஓடிய பிறகு மூடிக்குக் கீழே தட்டும் சத்தம் கேட்டது. அடி ஆழத்திலிருந்து இல்லை, எனக்கு நேர் கீழே. விழுந்தவர் எப்படியோ தெளிந்து, தானாகவே ஏணியில் மேல்படி வரை ஏறி வந்துவிட்டார். யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. நான் எழுந்தால் போதும். கொக்கித் துவாரத்தின் வழியாக இரண்டு விரல்கள் வெளியே வந்தன. சேறு அப்பிய விரல்கள், என் தொடையைத் தொட்டன.

அப்போதும் யோசித்துத்தான் ஆடினேன். இவர் மேலே வந்தால் பிழைத்துக்கொள்வார். பிழைத்தால் நாளைக்கு முச்சந்தியில் நின்று எல்லோரிடமும் சொல்வார். அதன்பின் நான் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அடுத்த தொட்டியில் முதலில் இறங்க என் மச்சான்தான் இருப்பார். தங்கைக்குச் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் அந்த விரல்களை உள்ளே தள்ளிவிட்டேன். மெதுவாகத்தான் தள்ளினேன், ஐயா. வலித்துவிடக் கூடாதல்லவா.