‘பால் வந்துச்சா?’ என்று கேட்ட பட்டம்மாள்

மேடையில் அமர்ந்திருக்கும் வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சொக்கம்மாள் அவர்களே, மனைவி பட்டம்மாளைப் பறிகொடுத்து நிற்கும் அண்ணன் பரசுராமன் அவர்களே, கொருக்குப்பேட்டைத் தாய்மார்களே! நான் நர்ஸ் ஞானபாக்கியம். அழுவதற்காக மட்டும் நான் வரவில்லை. பயந்துபோய் வந்திருக்கிறேன்.

நம் செயலாளர் பட்டம்மாள் யார்? பதினேழு வருடத்துக்கு முன் மகள் கார்குழலியைப் பெற்றபோது, ரத்தப்போக்கு நிற்காமல், ஐந்து பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தவர். பிழைத்தார். ஆனால் பால் சுரக்கவில்லை. மாதவிலக்கு திரும்பவில்லை. மே மாத வெயிலில் போர்வை கேட்டார். சோம்பேறி என்றார்கள். காத்து கருப்பு என்றார்கள். ஒன்பது வருடம், தாய்மார்களே! பால் வந்ததா என்று யாராவது கேட்டோமா? நான் கேட்டேனா?

கடைசியில் ஒரு டாக்டரம்மா கேட்டார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அன்றைக்கு ரத்தம் கிடைக்காமல் பட்டுப்போயிருந்தது. மற்ற சுரப்பிகளை வேலை வாங்குவது அதுதான். ஸ்டீராய்டு, தைராய்டு என்று தினசரி மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பட்டம்மாள் என்னிடம் ஓடி வந்தார்: “சிஸ்டர், மூணு மாடி ஏறிட்டேன். மூச்சே வாங்கல!”

அதோடு ஓய்ந்தாரா? பிரசவமான வீடு என்று கேள்விப்பட்டால் போய் நிற்பார். ஒரு வீட்டில் மாமியார், “மருமக பட்த்தே கெடக்கறா” என்று திட்டிக்கொண்டிருந்தார். பட்டம்மாள் சொன்னார்: “நானும் இப்டித்தான் கெடந்தேன், பெரீம்மா. கொயந்த பொறந்தப்போ ரத்தம் எவ்ளோ போச்சு? பால் வந்துச்சா?” அப்படிக் கேட்டுக் கேட்டே நான்கு பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார். நால்வரும் இன்று சிகிச்சையில் இருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை எனக்குப் போன் செய்தார். “ஜொரமா கீது சிஸ்டர். மாத்திர போட்டா வாந்தியில வந்துருது.” தடுப்பூசி முகாமில் கூட்டம். “கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு போடுங்க” என்றேன். தவறு! அந்த ஸ்டீராய்டு மாத்திரை வயிற்றில் நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே ஊசி போட வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மதியம் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குத் தைராய்டு என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. சலைன் ஏற்றினார்கள். ஸ்டீராய்டு ஊசி போடவேண்டும் என்று சொல்ல அங்கே யாருமில்லை. சாயங்காலம் போய்விட்டார். அண்ணே, உங்கள் மேல் குற்றமில்லை. வீட்டில் ஒருவருக்காவது இதை எழுதிக் கொடுக்காதது என் குற்றம்.

இனி? ரத்தம் அதிகம் போன ஒவ்வொரு தாயையும் நம் சங்கம் தேடிப் போகும். பட்டம்மாள் கேட்ட கேள்வியை நாம் கேட்போம். மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவர் பர்ஸிலும் நோயின் பெயரும் ஊசியின் பெயரும் எழுதிய அட்டை இருக்கும். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கூட்டவேண்டும், வாந்தி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று அவர்கள் வீட்டு ஆட்களுக்கும் சொல்லிக் கொடுப்பேன். இது உறுதி!

இன்னும் பேச நினைத்தேன். ஆனால் அந்த நால்வரில் ஒருத்தியான ஷெர்லின், கடைசி வரிசையில் இந்தப் புழுக்கத்தில் சால்வை போர்த்தி நடுங்கிக்கொண்டிருக்கிறாள். ஷெர்லின், காலையில் போட்ட மாத்திரை உள்ளே நின்றதா? தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்... நிற்கவில்லையா?

தலைவர் அவர்களே, மன்னியுங்கள். யாராவது ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்துங்கள். நான் அவளோடு போகிறேன்.